இடதுகைக்காரருக்கு ஒரு கிடார்

ஜனவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே ஒரு பெரிய பெட்டி வந்து சேரும். உள்ளே இருப்பது நீங்கள் எனக்குச் செய்து கொடுத்த கிடார். கம்பிகளைத் தளர்த்தி, கழுத்துக்கு அடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்திருக்கிறேன். வாசிக்கிறவர் யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள். சுவரில் தொங்குவதற்காக நீங்கள் அதைச் செய்யவில்லை.

இசைப்பள்ளியில் என்னை அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வருகைப் பதிவு, ரசீது, அறைச் சாவிகள். வகுப்பு எடுப்பதில்லை என்பதால் கிடாருக்கு இங்கே வேலை இல்லை.

வேறு செய்தி ஒன்றுமில்லை.

அன்புடன்,
வாலு

—

ஜனவரி 25

என் ஒரே அக்காவின் ஒரே மகளான வாலுவுக்கு, உன் மாமா எழுதுவது.

நான் இங்கே பாறை மாதிரி இருக்கிறேன். அந்தப் பாறையில் துணி துவைத்துக்கொண்டு உன் அத்தையும் சௌக்கியமாக இருக்கிறாள். நீ உன் நலத்தை வரி வரியாக எழுத வேண்டும். 'நலம்' என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது, பேனாவில் மை வருகிறதா என்று பார்க்கிறவர்கள் செய்கிற காரியம்.

பெட்டி வந்தது. தூக்கி வந்தவர் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்ன சார் உள்ள, ஆளா?" என்றார். "ஆளேதான். நான் பெத்த ஆள்" என்றேன். மனிதர் பயந்துபோய்க் கையெழுத்துக்கூட வாங்காமல் ஓடிவிட்டார்.

திறந்து பார்த்தேன். ஒரு விரிசல் இல்லை, ஒரு கோணல் இல்லை. இந்தக் கண்டத்தில் இப்படி ஒரு கழுத்தைச் செதுக்க இரண்டு பேரால் முடியும். இன்னொருவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதை யாருக்கும் கொடுக்கிற உத்தேசம் இல்லை. என் பட்டறையில் பசை டப்பாக்களுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். பட்டறையைப் பெரிதாக்கிவிட்டேன், தெரியுமா? சலவை இயந்திரம் இருந்த பின்னறை முழுவதும் இப்போது என்னுடையது. இயந்திரம் சமையலறைக்குப் போய்விட்டது. ஆனாலும் பக்கப்பலகைகளை அதன் மேல்தான் காயவைக்கிறேன். அத்தை துணி போடும்போது பலகைகள் ஆடுகின்றன. அதனால்தான் என் கிடார்களுக்குப் பிறவியிலேயே தாள ஞானம் இருக்கிறது.

இப்போது முக்கியமான செய்தி. போன வாரம் நம் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு நீளமான வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஆறரை அடி உயரத்தில் ஒரு மனிதர் இறங்கினார். மீசை மட்டும் ஒரு முழம். பெரிய இடத்து ஆள். எந்த இடம் என்று கேட்காதே, சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். "ஐயா, நான் இடதுகைக்காரன். ஊரெல்லாம் தேடிட்டேன், எனக்குன்னு ஒரு கிடார் செய்ய ஒருத்தருக்கும் துப்பில்ல. உங்களை விட்டா ஆள் இல்ல" என்று என் உளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒப்புக்கொண்டேன். இடது கையால் கழுத்துக்குக் குறுக்கே பதித்த உலோகக் கட்டான ஃப்ரெட்டைப் பிடித்து வலது கையால் மீட்டுவது உலக வழக்கம். இவருக்கு எல்லாம் தலைகீழ். வலது கை பிடிக்கும், இடது கை மீட்டும். இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சுறுசுறுப்பாக இருந்தால் போதும் என்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் புகழுக்கும் என் புகழுக்கும் காரணமான,
மாமா

வாலு, உறையை ஒட்டுகிறவள் நான், அதனால் கடைசி வார்த்தை என்னுடையது. உன் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பள்ளியின் இரும்பு ஷட்டர் உன் இடது கையில் விழுந்ததும், மோதிர விரலும் சுண்டு விரலும் இனி மடங்காது என்று மருத்துவர் சொன்னதும், அதற்குப் பிறகு நீ கிடாரைத் தொடாததும் எங்களுக்குத் தெரியும். உன் மாமா அதைக் கேட்ட அன்று இழைப்புளியைக் கையில் பிடித்தபடி ஒரு பலகையும் இழைக்காமல் உட்கார்ந்திருந்தார். அதற்கு மறுநாள்தான் இந்த ஆறரை அடி மனிதர் வந்தார். தெருவில் எந்த வண்டியையும் நான் பார்க்கவில்லை என்று யாரிடமும் சொல்லக் கூடாதாம். சொல்லவில்லை, எழுதுகிறேன். கை வலிக்கிறதா? — அத்தை

—

பிப்ரவரி 18

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். (மை வருகிறது.) அத்தையின் விசாரிப்புக்கு நன்றி சொல்லுங்கள். குளிர் நாட்களில் மட்டும் கொஞ்சம்.

உங்கள் வாடிக்கையாளருக்கு என் வாழ்த்துகள். ஆனால் ஒரு சந்தேகம். இடதுகைக்காரர் என்றால் சாதாரண கிடாரில் கம்பிகளை வரிசை மாற்றிப் போட்டாலே போதுமே? எதற்குப் புதிதாக ஒன்று? உங்களுக்கு வீண் சிரமம். அவரிடம் சொல்லி அனுப்பிவிடலாம்.

இங்கே வேலை சரியாக இருக்கிறது. பயிற்சி அறைகளின் சாவிகளுக்கு எண் ஒட்டினேன்.

அன்புடன்,
வாலு

—

மார்ச் 20

சாவிகளுக்கு எண் ஒட்டும் மருமகளுக்கு, எண்ணற்ற கலைகள் தெரிந்த மாமாவின் ஆசிகள்.

என் முதுகு தேக்கு மாதிரி இருக்கிறது. அத்தைக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. மரத்தூளினால் வந்தது என்கிறாள். மரத்தூள் நுரையீரலுக்கு நல்லது என்று எங்கேயோ படித்திருக்கிறேன். படித்தேனா, நானே சொன்னேனா, ஞாபகம் இல்லை.

கம்பியை மாற்றிப் போட்டால் போதுமாமே! வாலு, நீ கிடாரை வெளியிலிருந்து பார்த்தவள். நான் உள்ளே குடியிருந்தவன். மேல்பலகைக்கு அடியில் விலா எலும்பு மாதிரி மரச் சட்டங்களை ஒட்டுவோம். அதில் நீளமான ஒன்று சாய்வாக ஓடும். குண்டுக் கம்பிகள் இருக்கிற பக்கம் பலகை தாராளமாக மூச்சு விட வேண்டும். மெல்லிய கம்பிகளின் பக்கம் இறுக்கிப் பிடித்து நிற்க வேண்டும். கம்பியை மட்டும் மாற்றினால் குண்டன் சந்திலும் ஒல்லி கூடத்திலும் படுத்த கதையாகிவிடும். இடதுகைக்காரருக்கு விலாவின் சாய்வும் எதிர்ப்பக்கம் போக வேண்டும்.

அதற்கு என்ன செய்தேன் தெரியுமா? என்னிடம் இருப்பது வலதுகை வரைபடம். அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெயில் வரும்போது பின்பக்கத்திலிருந்து வேறு தாளில் வரைந்தேன். மொத்தமும் புரண்டுவிட்டது! எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தாங்கும் சக்தி தீர்ந்துபோனதால் இப்படிப்பட்ட மூளை வீணாகாமல் தப்பித்தது. அதோடு விட்டேனா? சட்டம் ஒட்டுவது பலகையின் உள்பக்கத்தில் ஆயிற்றே என்று, மிகுந்த ஜாக்கிரதையாகத் தாளை இன்னொரு தடவை திருப்பிப் போட்டு ஒட்டினேன். இந்த ஜாக்கிரதை எல்லாருக்கும் வராது.

பக்கப்பலகையை ஈரமாக்கிச் சூடான குழாயில் வைத்து வளைத்தபோது மரக்கடைக்காரர் வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "உடையாதா அண்ணே?" என்றார். "என் கையில உடையறதுக்கு அதுக்கு தைரியம் இல்ல" என்றேன். அப்போது ஒன்று உடைந்தது. அது பழைய பலகை, கணக்கில் இல்லை.

கிடார் முடிந்துவிட்டது. பிரசவம் சுகம். ஆனால் ஒரு சிக்கல். இதை வாசித்துப் பார்க்க நம் தெருவில் ஒரு இடதுகைக்காரன்கூட இல்லை. முனைத் தையல்காரர் இடது கையால்தான் வெட்டுவார் என்று அவரிடம் எடுத்துப் போனேன். "கத்தரி தவிர எதையும் பிடிக்க மாட்டேன், ஆளை விடுங்க" என்று கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அதனால் உனக்கு அனுப்புகிறேன். நீ வாசிக்க வேண்டாம். வாசி என்று நான் சொல்லவே இல்லை. வலது கையால் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி, இடது கையால் தட்டி, எங்கே கிர்ரென்கிறது என்று மட்டும் எழுது. குறை மட்டும் எழுது. குறை சொல்வதில் உன் அம்மாவுக்கு அடுத்தபடி நீதான்.

வாடிக்கையாளர் பழைய மல்யுத்த வீரர். பொறுமை கிடையாது. சீக்கிரம்.

தோளில் இன்னும் மரத்தூளோடு,
மாமா

—

ஏப்ரல் 22

மருமகளுக்கு,

எல்லாரும் சுகம். பெட்டி வந்து சேர்ந்ததா? சேர்ந்தது என்று உன் அம்மா சொன்னாள், நானும் கேட்டேன் என்று வை. வாடிக்கையாளர் தினம் வந்து வாசலில் நிற்கிறார். அவசரமில்லை என்கிறார். எனக்கும் அவசரமில்லை. குறை ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதையாவது எழுது. பெட்டியைத் திறக்கவில்லை என்றால் அதைக்கூட எழுதலாம், எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இங்கே மழை வருகிற மாதிரி இருக்கிறது. பலகைகளை உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

மாமா

உன் மாமா இவ்வளவு சின்னக் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. — அத்தை

—

மே 6

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். மழை இங்கேயும் வந்தது.

பெட்டி இத்தனை நாளும் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நேற்றுத்தான் திறந்தேன், வாசலில் நிற்கிற மல்யுத்த வீரர் மேல் இரக்கப்பட்டு. குறை எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

முதல் ஃப்ரெட்டில் கம்பிகள் மிக உயரம். கழுத்தின் தலைமாட்டில் கம்பி தாங்கும் எலும்புக் கட்டையில் பள்ளம் போதவில்லை. அழுத்தி அழுத்தி என் வலது ஆள்காட்டி விரலில் கொப்புளம். ஐந்தாவது ஃப்ரெட்டில் மூன்றாம் கம்பி கிர்ரென்கிறது. ஃப்ரெட்டுகளுக்கு அடையாளமான பொட்டுகளைக் கழுத்தின் தப்பான விளிம்பில் வைத்துவிட்டீர்கள். அவை எனக்குத் தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எத்தனையாவது ஃப்ரெட் என்பதை விரலாலேயே தேட வேண்டியிருக்கிறது.

குறை கிடாரில் மட்டும் இல்லை. எங்கே போக வேண்டும் என்று என் தலைக்குத் தெரிகிறது. வலது கை, முதல் நாள் வகுப்புக்கு வந்த குழந்தை மாதிரி "எங்க, எங்க?" என்று கேட்கிறது. 'கொஞ்சம் வலிக்கும், பழகிடும்' என்று எத்தனை மாணவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்! அவர்கள் என்னை அடிக்காமல் விட்டது அவர்களுடைய பெருந்தன்மை.

கொப்புளம் ஆறியதும் மற்ற கம்பிகளைப் பார்க்கிறேன்.

வாலு

—

மே 17

கொப்புளம் கண்ட கோமகளுக்கு, மாமாவின் அநேக கோடி ஆசீர்வாதம்!

எங்கள் ஆரோக்கியத்தைப் பற்றி எழுத இடம் போதாது, அவ்வளவு ஆரோக்கியம். உன் கடிதத்தைத் தையல்காரரிடம் படித்துக் காட்டினேன். மரக்கடைக்காரரிடம் இரண்டு தரம். "கொப்புளத்துக்கு எதுக்கு அண்ணே இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டார். மரம் விற்கிறவருக்கு என்ன தெரியும்!

பொட்டுகள் தரையைப் பார்ப்பது பிழை என்று நினைத்தாயா? பார்த்துப் பார்த்து வாசிக்கிறவன் பாதி வாசிப்பவன். வேண்டுமென்றே வைத்தேன். வைத்த பிறகு வேண்டுமென்று தோன்றியது.

புது எலும்புக் கட்டை ஒன்று அறுத்து, பள்ளம் ஆழமாக்கி, இந்த உறையிலேயே அனுப்பியிருக்கிறேன். கம்பிகளைத் தளர்த்தி, பழையதைப் பக்கவாட்டில் தட்டினால் கழன்றுவிடும். மூன்றாம் கம்பி கிர்ரென்பதற்கு ஆறாவது ஃப்ரெட்டின் நெற்றியை உப்புத்தாளால் இரண்டு தடவு தடவு, மூன்றாவது வேண்டாம்.

வாடிக்கையாளர் நேற்று வந்திருந்தார். மழமழவென்று சவரம் செய்த முகத்தைத் தடவிக்கொண்டே, "ஒரு பாட்டு முழுசா தாங்குமா அது?" என்று கேட்டார். "என் மருமக பார்த்துக்கிட்டிருக்கா" என்றேன். "அப்ப சரி. அவங்க சொன்னா சரி. ஆனா முழுசா வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய? வாடிக்கையாளர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். ஒரு பாட்டு. சின்னப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறார்.

உன் விரலுக்கு என் முத்தம்,
மாமா

முகம் சவரம் என்று எழுதியதைப் பார்த்தேன். நான் திருத்தவில்லை. — அத்தை

—

ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், இந்த முறை உண்மையாகவே. பசி எடுக்கிறது. அம்மா அதை உங்களிடம் சொல்லியிருப்பாள்.

உங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்: ஒரு பாட்டு தாங்கும். நொண்டி நொண்டி, மூன்றாவது வாரத்தில் தாங்கியது. பிறகு இன்னொன்றும் தாங்கியது. கட்டை நன்றாக உட்கார்ந்துவிட்டது.

ஆனால் ஒரு பெரிய குறை. மெல்லிய கம்பிகள் பானையைத் தட்டுகிற மாதிரி வீங்கி ஒலிக்கின்றன. குண்டுக் கம்பிகளோ தொண்டை கட்டிய மாதிரி. முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு, ஏன் எப்போதும் கையையே சந்தேகப்பட வேண்டும் என்று கோபம் வந்தது. மாடி வீட்டுப் பல் மருத்துவரிடம் போய், கடைவாய்ப் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை இரவல் கேட்டேன். "எந்தப் பல்லும்மா?" என்றார். "பல் இல்ல டாக்டர், விலா" என்றேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

டார்ச்சையும் கண்ணாடியையும் ஒலித்துளைக்குள் விட்டுப் பார்த்தேன். மாமா, நீளமான விலா வலதுகைக் கிடாரில் சாய்கிற பக்கமே சாய்ந்திருக்கிறது. உங்கள் வரைபடமே உள்பக்கத்திலிருந்து பார்த்து வரைந்ததுதான். ஜன்னல் கண்ணாடியில் ஒரு தடவை புரட்டினீர்கள், அது சரி. ஒட்டும்போது ஜாக்கிரதையாக இன்னொரு தடவை புரட்டினீர்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது.

இன்னொன்று. வாடிக்கையாளருக்கு ஜனவரியில் ஒரு முழ மீசை இருந்தது. மே மாதம் சவரம். துக்கமா?

வாலு

—

ஜூலை 12

கண்ணாடி போட்டுக் குற்றம் கண்டுபிடிக்கும் மருமகளுக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

பிழை என்று சொல்லாதே. கூடுதல் கவனம் என்று சொல். ஒரு தடவை புரட்ட வேண்டிய இடத்தில் இரண்டு தடவை புரட்டியது அலட்சியமா? அலட்சியக்காரன் புரட்டாமலே விட்டிருப்பான். மீசை அவருடைய சொந்த விஷயம்.

ஆனாலும் என் பட்டறையிலிருந்து தொண்டை கட்டிய கிடார் வெளியே போனதாகப் பேர் வரக் கூடாது. உடனே திருப்பி அனுப்பு. அடிப்பலகையைப் பிரித்து, விலாக்களை எடுத்து, புதிதாக ஒட்டித் தருகிறேன். இதை என்னைத் தவிர யாராலும் செய்ய முடியாது. நீ ஒன்றும் செய்ய வேண்டாம். கைவிட்டுக் கிளறாதே. பெட்டியில் போட்டு அனுப்பிவிடு.

பாட்டு இரண்டு தாங்கியது என்று எழுதினாயே, எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம், யாராவது கேட்டார்களா என்றெல்லாம் ஏன் எழுதவில்லை?

மாமா

புரட்டாமலே விட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும் என்று சொன்னேன். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டில் விரலால் விலா வரைந்துகொண்டிருக்கிறார். பிரித்து ஒட்ட இரண்டு மாதம் ஆகுமாம். "அதுக்குள்ள அவ கை மறந்துட்டா? திரும்பவும் சாவிக்கு எண் ஒட்டப் போயிட்டா?" என்று என்னையே கேட்கிறார், நான் எதையோ திருப்பி ஒட்டின மாதிரி. — அத்தை

—

ஆகஸ்ட் 28

அன்புள்ள மாமா, அத்தை இருவருக்கும்,

நான் மிக நன்றாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் இதைப் படித்து முடிக்கும்வரை உட்கார்ந்தே இருங்கள்.

கிடாரை அனுப்ப மாட்டேன்.

பெட்டியை எடுத்து வைத்தேன், போர்வையைச் சுருட்டினேன், கம்பிகளைத் தளர்த்தினேன். மூட மனசு வரவில்லை. இரண்டு மாதம் இது இல்லாமல் என்ன செய்வேன் என்று நினைத்தபோதுதான், இந்த வருடம் நான் அப்படி நினைத்த முதல் பொருள் இது என்று தெரிந்தது. குண்டுக் கம்பிப் பக்கம் விலா இறுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதானே? அதன் நுனியை மெலிதாக்கினால் பலகை மூச்சு விடும். பிரிக்க வேண்டியதில்லை, ஒலித்துளை வழியாகவே தேய்த்துவிடலாம் என்று தோன்றியது.

வலது கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே போனதும் விரல்கள் மடங்கிக்கொண்டு வழுக்குகின்றன. பிறகு இடது கையை விட்டேன். மாமா, அந்த இரண்டு விரல்கள் மடங்குவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்கு ஜனவரியிலிருந்தே தெரியும். இரண்டையும் சேர்த்து உப்புத்தாளைச் சுற்றி, நூலால் கட்டி உள்ளே விட்டேன். அரம் மாதிரி நேராகப் போய் விலாவின் நுனியில் உட்கார்ந்தது. மடங்குகிற எந்த விரலுக்கும் அது முடியாது. உங்கள் தடித்த கை அந்தத் துளைக்குள் மணிக்கட்டு வரைகூடப் போகாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கொஞ்சம் தேய்ப்பேன், கம்பியை ஏற்றிக் கேட்பேன், மறுபடி தளர்த்துவேன். ஒன்றுமே மாறாத நாட்கள் இருந்தன. பலகையையே ஓட்டையாக்கிவிடுவேனோ என்று பயந்த நாட்களும் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கம்பியை ஏற்றித் தட்டினேன். தொண்டை திறந்தது. சத்தம் என் தொடை எலும்பு வரை இறங்கியது. பக்கத்து அறையிலிருந்து அம்மா, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

அக்டோபரில் இசைப்பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சி. முதல்வரிடம் போய் என் பெயரைப் போடச் சொன்னேன்.

"எதுக்கும்மா உனக்கு ரிஸ்க்? வாசல்ல டிக்கெட் கிழிக்க ஆள் தேவைப்படுது. உட்கார்ந்து செய்யற வேலை" என்றார்.

"டிக்கெட்டும் கிழிக்கிறேன் சார். கிழிச்சு முடிச்சுட்டு வரேன். கடைசியா போடுங்க."

"அந்தக் கையோட எப்படி...?"

"இந்தக் கையோடதான் சார்."

போட்டுவிட்டார்.

நீங்கள் இருவரும் வர வேண்டும். வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள், கிடார் விற்கப்படாது. மீசையோடு வந்தாலும் சரி, மழித்துக்கொண்டு வந்தாலும் சரி, வேண்டுமானால் என்னிடம் நேரில் வந்து கேட்கட்டும்.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, வாசிக்கப் போகிறேன்.

உங்கள் வாலு

—

அக்டோபர் 11

இசையரசி, விலா வைத்தியர், டிக்கெட் கிழிப்பவர் ஆகிய என் மருமகளுக்கு, நேற்று ஊர் வந்து சேர்ந்த மாமா எழுதுவது.

பயணம் சுகம். வரும் வழியில் ரயில் பெட்டி முழுவதற்கும் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தூங்கிவிட்டார்கள் என்கிறாள் அத்தை. அவளுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. எனக்குத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. காரணம் உனக்குத் தெரியும், மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். வாடிக்கையாளரை நான் வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டேன். இனி வர மாட்டார்.

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் கூட்டத்தில் உன்னிடம் பேச முடியவில்லை. ஆளாளுக்கு உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

மண்டபத்தில் ஆயிரம் பேர். அத்தை நூற்றுச் சொச்சம் என்கிறாள். அவள் தலைகளை எண்ணுகிறவள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பி, "கடைசியா வாசிக்கப் போறது வாசல்ல டிக்கெட் கிழிச்ச பொண்ணாமே?" என்று மனைவியிடம் சொன்னார். "அது என் மருமக. அந்தக் கிடார் என் கிடார். உள்ள இருக்கிற விலா மட்டும் அவ வேலை" என்றேன். "விலாவா?" என்றார். நான் விளக்கத் தொடங்கியபோது நீ வந்துவிட்டாய். இல்லையென்றால் அவருக்கு நல்ல ஞானம் கிடைத்திருக்கும்.

நீ கழுத்தை வலது பக்கம் நீட்டி உட்கார்ந்ததும் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. படத்தைத் திருப்பி மாட்டின மாதிரி இருந்தது போல. முதல்வர் ஓரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நீ குண்டுக் கம்பியை ஒரு தட்டு தட்டினாய். என் நாற்காலியின் கால் அதிர்ந்தது. முன்னால் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன், ராஜா மாதிரி.

நடுவில் ஓர் இடத்தில் உன் விரல் தடுக்கியது. அத்தை என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளியதில் இன்னும் கன்றியிருக்கிறது. நீ நிறுத்தவில்லை. சுற்றிக்கொண்டு அந்த இடத்துக்கே மறுபடி வந்து, வேண்டுமென்றே செய்த மாதிரி அந்தத் தடுக்கலையே ஒரு தாளமாக்கி இரண்டு தரம் வாசித்தாய். கேட்டவர்கள் "ஆஹா" என்றார்கள். அந்தச் சாமர்த்தியம் உன் அப்பா வழியில் வந்ததில்லை, சத்தியமாக.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அத்தையும் இதை ஒப்புக்கொள்கிறாள், எல்லாரும்தான். கூரை கொஞ்சம் நகர்ந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். முதல்வர் கைதட்டிக் கைதட்டிக் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார். நான் நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன். பின்னாலிருந்து ஒருவர், "சார், இறங்குங்க, மறைக்குது" என்றார். "மறைச்சா என்ன, கேக்குதுல்ல?" என்றேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. ரயிலில் யாரிடமும் சொல்லவில்லை, அத்தையிடம்கூட இல்லை.

நான் அங்கே பாட்டுக் கேட்க வரவில்லை, வாலு. உன் கைகளைப் பார்க்க வந்தேன். அதற்காகவே கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு, மேடை தெரிகிற மாதிரி நடு வரிசையில் ஓர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். வலது கை ஃப்ரெட்டுகளில் எப்படி ஏறுகிறது, இடது கையில் அந்த இரண்டு விரல்கள் எங்கே நிற்கின்றன, உனக்கு வலிக்கிறதா, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும் என்று ஜனவரியிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் எழுந்து நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது, பார்க்கவே இல்லை என்று. ஒரு தடவைகூட இல்லை. எந்தக் கை எதைச் செய்தது என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பாட்டு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. முதலிலிருந்து கடைசிவரை இருக்கிறது.

உன்
மாமா